பாலத்துக்கு இந்தப் பக்கம்

நைஜீரியா இல்லீங்க. நைஜர். பரவால்லீங்க, சங்கடப்படாதீங்க, எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க. எம்பட மாமியாரு பதினோரு வருசமா நைஜீரியா மாப்பிள்ளைன்னுதான் என்னையச் சொல்லிக்கிட்டுத் திரியுது. நைஜீரியா கீழ இருக்குது, கடலோரமா. அதுக்கு மேல தலையில வெச்ச மூட்டையாட்டம் இருக்குது பாருங்க, அதுதான் நைஜர். கடல் கெடையாது. எந்தப் பக்கம் நடந்தாலும் அடுத்தவன் நாடுதான். மேல பூராவும் பாலைவனம், கீழ ஓரமா கொஞ்சம் காடு கரை, ஒரு மூலையில மட்டும் ஆறு. அரிசியிலிருந்து எங்க ரிக்கு வண்டியில தரையத் தொளைக்கற பிட்டு வரைக்கும் அடுத்தவன் வாசல் வழியாத்தான் வரோணும். அவன் வாசலைச் சாத்துனா இவன் உள்ளயே உக்காந்துக்க வேண்டியதுதான்.

பையைக் காலுக்கடியில தள்ளிக்கறேனுங்க. இடிக்கலையே?

நான் திருச்செங்கோடுங்க. ஆமாங்க, அதேதான், வேற என்ன தொழில் இருக்கப் போகுது. போர்வெல். பேரு அர்த்தநாரி. பத்தொம்பது வயசுல வண்டி ஏறுனவன். ஆந்திரா, ஒரிசா, ராஜஸ்தான்னு எல்லாம் சுத்திப்போட்டு அப்பறம் ஆப்பிரிக்கா. இப்பவும் இந்த ரயில்ல மெட்ராசு போயி அங்கிருந்து பிளைட்டு. சாடுங்க. நைஜருக்குப் பக்கத்து நாடு. அங்கயும் கடல் கெடையாது. எனக்குன்னு அப்படியே வாய்க்குது.

நீங்க வெங்காயப் பையி வெச்சிருக்கறதைப் பாத்தொடனே ஞாபகம் வந்துருச்சுங்க. மருமவளுக்குக் கொண்டுக்கிட்டுப் போறீங்களாக்கும்? நல்லாக் காஞ்ச சின்ன வெங்காயம், வாசமே சொல்லுது. நைஜர்லயும் வெங்காயம்தானுங்க. கல்மி வெங்காயம்னு சொல்லுவாங்க, பெருசா ஊதாக் கலர்ல இருக்கும். ஆப்பிரிக்காவுல கடலோரத்துல இருக்கற ஊர்லயெல்லாம் சட்டியில வதங்கறது இந்த வெங்காயந்தான். மண்ணுக்கடியில யுரேனியமும் இருக்குது. அதைக் கொண்டுபோயி ஐரோப்பாவுல வெளக்கு எரிக்கறாங்கன்னு சொல்லுவாங்க. நான் இருந்த ஊர்ல கரண்டுக் கம்பமே கெடையாது. அந்த சனத்துக்கு யுரேனியத்தால என்னங்க? வெங்காயந்தான் அவங்களுக்கு எல்லாம்.

கிடான் காரான்னு ஒரு ஊரு. ஹவுசா பேசற சனங்க. அங்க ஹாரூனான்னு ஒருத்தன். அவனைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

ஊர்ல இருக்கற மாசத்துல எங்க வண்டியில தண்ணி டேங்கர் ஓட்டுனவன் அவன். எனக்குப் பாஷையும் அவந்தான். நான் பேசற ஒடஞ்ச பிரெஞ்சை ஊர்க்காரங்களுக்கு ஹவுசாவுல சொல்லுவான், அவங்க சொல்றதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுவான். முப்பத்தஞ்சு வயசிருக்கும். ஒல்லியா, நெட்டையா, சிரிச்சா கண்ணு மூடிக்கும். என்னைய யாயான்னு கூப்பிடுவான். யாயான்னா அண்ணன். மத்தவங்களெல்லாம் மெஸ்யேம்பாங்க. அதாவது சாரு மாதிரி. இவன் மட்டும் யாயா.

அந்த ஊரு சனங்க மாதிரி நலம் விசாரிக்கறதை எங்கயும் நான் பாத்ததில்லைங்க. காத்தால எதுக்க வந்தா ஊடு எப்படி, புள்ளைக எப்படி, வேலை எப்படி, களைப்பு எப்படின்னு கேட்டுக்கிட்டே நிப்பாங்க. களைப்பு எப்படின்னு கேக்கற சனத்தை நீங்க வேற எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? கம்பங்களியத்தான் மூணு வேளையும் திங்கறாங்க. கூட ஏதோ எலைச்சாறு, கொழகொழன்னு. நான் மொத நாளே உக்காந்து தின்னுபோட்டேன். எங்க வண்டிப் பசங்கெல்லாம் மூஞ்சியச் சுளிச்சானுங்க. களி எனக்கு என்ன புதுசா? ஹாரூனா ஊட்டுக்காரி ஹதீஸா, அந்தப் புள்ளைக்கு அதுல அப்படியொரு சந்தோசம். அப்பறம் தெனமும் எனக்கும் ஒரு கிண்ணம் வந்துரும்.

ஒண்ணு மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பாதுங்க. மழை அங்க மூணு நாலு மாசம். கம்பு வெதைச்சு அறுப்பாங்க. வருசம் பூரா அது காணாது. அறுப்பு முடிஞ்சா ஆம்பளைகளெல்லாம் பையைக் கட்டிக்கிட்டுக் கடலோர நாட்டுக்குக் கெளம்பிருவாங்க. கானா, பெனின், ஐவரி கோஸ்டு. மூட்டை தூக்க, காவல் காக்க, தண்ணி விக்க. திரும்ப மழை வாசம் அடிச்சாத்தான் வருவாங்க. ஹாரூனா ஒம்பது வருசம் அப்படிப் போயி அபிஜான் துறைமுகத்துல மூட்டை தூக்கினவன். அவனுக்கு மூணு புள்ளைக, மூணும் பொறந்தப்ப அவன் ஊர்ல இல்லை. எனக்குப் பாவமா இருக்குமுங்க. பொண்டாட்டி புள்ளைகளை உட்டுப்போட்டு அப்படியென்ன பொழப்பு? நாங்கெல்லாம் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வந்துருவோம். எம்பட பொண்ணு சிந்துஜா கல்யாணத்தைக் கூட நான் வீடியோவுல பூராவும் பாத்தேனுங்க, தாலி கட்டறப்ப மட்டும் கொஞ்சம் கட்டாயிருச்சு. அது வேற, இது வேற.

அதனாலதான் அந்த போரைப் போட்டேன்.

அவன் கேக்கலைங்க. அதை நான் சொல்லிப்போடறேன். அவன் வாயத் தொறந்து கேக்கவே இல்லை. பக்கத்து ஊர்ல குடிதண்ணி போரு முடிச்சு வண்டியக் கெளப்பற நேரம். அவங்காடு வழியிலதான் இருக்குது. ஓடைப் பள்ளம், நல்ல வண்டல் மண்ணு. கையில தோண்டுன கெணறு ஒண்ணு, சொரக்குடுக்கையில மொண்டு மொண்டு வெங்காயத்துக்கு ஊத்துவாங்க. தை மாசி வந்தா அதுவும் வத்திரும். நாந்தான், டேய் ஹாரூனா, வண்டியத் திருப்புடா, உங்காட்டுல ஒரு ஓட்டை போட்டுட்டுப் போவோம்னேன். மொதலாளிகிட்ட அப்பறம் பேசிக்கலாம், எனக்கு அந்தளவுக்கு மருவாதை உண்டு.

அவன் நம்பலை. யாயா, தண்ணி வருமான்னான். வராட்டி என்னைய என்னன்னு கேளுன்னேன்.

இருநூத்திப் பத்தடியில வந்துச்சுங்க. நம்மூர்ல இன்னைக்கு ஆயிரத்தி நானூறு அடி போயி புழுதியப் பாத்துட்டு வர்றோம். அங்க இருநூத்திப் பத்து. கம்ப்ரசர் காத்துல பீச்சி அடிச்சுது பாருங்க, ரிக்கு மேல உக்காந்திருந்த நான் நனைஞ்சு போயிட்டேன். ஊரே ஓடியாந்துச்சு. ஹதீஸா அப்ப முழுகாம இருந்துச்சு, நாலாவது. அந்தத் தண்ணியக் கையில ஏந்தி வயித்துல தடவிக்கிச்சு. ராத்திரி களியத் தின்னு முடிச்சப்பறம் ஹாரூனா சொன்னான்: "யாயா, இனி நான் அபிஜான் போகமாட்டேன். எங்க ஊட்டுல இனி யாருமே போகமாட்டாங்க."

அவன் தம்பி சைதூ பக்கத்துல இருந்தான். இருவது வயசுப் பையன், அந்த வருசந்தான் மொதல்தடவையாப் போறதா இருந்தான். துணிப்பையெல்லாம் கட்டி வெச்சிருந்தான். அண்ணங்காரன் அதை அவுத்து எடுத்து உள்ள போட்டுட்டான். இதெல்லாம் என்னாலதானுங்க. நான் பெருமைக்குச் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்.

அந்த வருசம் ரெண்டு பேரும் பள்ளம் பூரா வெங்காயம் போட்டாங்க. அதுவரைக்கும் பாத்தி பாத்தியாக் கொஞ்சம் போட்டவங்க, இப்ப கண்ணுக்கு எட்டுன மட்டும் பச்சை. ஆடுகளை வித்து மோட்டாரும் ஜெனரேட்டரும் வாங்குனாங்க. பெட்ரோலு அங்க பாட்டில்லதான். நைஜீரியாவுலிருந்து கள்ளத்தனமா வரும், ரோட்டோரம் அடுக்கி வெச்சு விப்பாங்க. பொங்கல் கழிஞ்சு ஒரு மாசத்துல அறுப்பு. வெங்காயம் ஒவ்வொண்ணும் இத்தத் தண்டி. நம்மூர்லயே அப்படி நான் பாத்ததில்லை.

கானாக்காரன் யாவாரி காட்டுக்கே வந்தான். அறுப்பு சமயத்துல எல்லாருகிட்டயும் வெங்காயம் இருக்கும், வெலை கெடையாது. அது எங்கயும் அப்படித்தானே. ஹாரூனா குடுத்துடலாம்னு நின்னான். நான் உடலை.

"டேய், பைத்தியக்காரா, இப்ப குடுத்தா சும்மா குடுக்கற மாதிரி. எங்கூர்ல பட்டறை போட்டு வெங்காயத்தைக் காத்தாட அடுக்கி வெச்சவன்தான் பொழைச்சிருக்கான். ஆடி ஆவணியில இதே வெங்காயத்துக்கு அவன் உங்கால்ல வந்து உழுவான்."

"யாயா, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான். கொஞ்சம் வித்துட்டுக் கொஞ்சம் வெக்கறதுக்கு எதுக்கு இத்தனை பாடு?"

அந்தப் புள்ளை ஹதீஸா மட்டும் பாதியை வித்துடலாம்னுச்சு. அவன்கிட்டச் சொல்லிச்சு, அவன் எங்கிட்டச் சொன்னான். நான் சிரிச்சேன். பொம்பளைக அப்படித்தானுங்க, இன்னைக்குக் கையில என்ன இருக்குதுங்கறதுதான் அவங்களுக்கு. எம்பட ஊட்டுக்காரியும் அதே ரகந்தான். ஊர்லயே ஒரு வண்டி வாங்கி ஓட்டிக்கலாம்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கறா.

பட்டறையக்கூட நாந்தான் நின்னு போட்டுக் குடுத்தேன். அவங்க வழக்கம் வட்டமா குடிசையாட்டம் போடறது. நான் நம்மூரு மாதிரி நீளமா, காத்தோட்டமா, கம்பந்தட்டை அடிச்சு, கீழ கல்லு வெச்சுத் தூக்கிப் போட்டேன். ஊருக்காரங்க வந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. அதைப் பாத்துட்டு இன்னும் நாலஞ்சு பேரு வெங்காயத்தை விக்காம வெச்சுக்கிட்டாங்க. வெள்ளைச்சட்டை போட்ட அதிகாரி ஒருத்தர்கூட வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு.

நான் சொன்னது பொய்யாகலைங்க. அதைக் கேட்டுக்கோங்க. சித்திரை வைகாசியிலயே வெலை ஏறிருச்சு. ஹாரூனா கேட்டான், இப்ப? நான் சொன்னேன், இன்னும் கொஞ்சம். ஆனி போச்சு. ஆடி பொறந்துச்சு. கானாக்காரன் போன் பண்றான், ரெண்டு மடங்கு தர்றேங்கறான். அப்பறந்தான் சரி ஏத்துன்னேன். ரெண்டு லாரி. ஹாரூனாதும், அவங்கூட வெச்சிருந்தவங்களதும். கல்மி வெங்காயம் மூட்டை மூட்டையா, லாரி உசரத்துக்கு மேல இன்னொரு லாரி உசரம் ஏத்துவாங்க அங்க. அதுக்கு மேல ஹாரூனா உக்காந்துக்கிட்டான். அவன் கூடவே போயிக் கைமாத்திட்டு வர்றதா ஏற்பாடு. ஹதீஸா கைப்புள்ளையத் தூக்கி மேல காட்டுச்சு. அந்தப் புள்ளை பொறந்தப்ப அவன் ஊர்ல இருந்தான் பாருங்க. நாலுல அது ஒண்ணுதான்.

லாரி போயி எல்லையத் தொடறதுக்குள்ள தலைநகரத்துல ராணுவம் ஆட்சியப் புடிச்சுருச்சுங்க.

எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? ரேடியோவுல பாட்டு நின்னு மார்ச் பாஸ்டு கேட்டுச்சு. ஊர்ல சில பேரு சந்தோசப்பட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெவரம் வந்துச்சு. சுத்தி இருக்கற நாடுகளெல்லாம் சேந்துக்கிட்டு எல்லையச் சாத்திட்டாங்க. நைஜீரியாக்காரன் கரண்டையும் நிறுத்திட்டான். எங்க வண்டிக்கு பிட்டும் ஹேமரும் கப்பல்ல வந்து பெனின்ல கொட்டனூ துறைமுகத்துல எறங்கி, லாரியில வந்துக்கிட்டு இருக்குது. அதுவும் எல்லைக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கிச்சு. மொதலாளி போன் பண்ணி, அர்த்தநாரி, நீ எல்லைக்குப் போயிப் பாரு, எப்படியாச்சும் கொண்டாரப் பாருங்கறாரு. நான் பிக்கப் வண்டியில போனேன்.

கயான்னு எல்லையோர ஊருங்க, அதைத் தாண்டுனா பெனின். ஆறு ஓடுது. காவேரியாட்டம் அகலம், ஆடி மாசம் வேற, செம்மண் கலர்ல பெருகி ஓடுது. குறுக்க ஒரு பாலம். பாலத்தை மறிச்சுப் பட்டாளத்துக்காரன் நிக்கறான். இந்தப்பக்கம் லாரிக, ரோட்டோரமா நின்னுக்கிட்டே இருக்குது, முடிவே தெரியலை. அந்தப்பக்கக் கரையிலயும் அதே. இக்கரையில நின்னு பாத்தாத் தெரியுமுங்க. நீலத் தார்ப்பா போட்ட லாரி ஒண்ணு நின்னுச்சு. எங்க சாமான் ஏத்துன லாரிக்கு நீலத் தார்ப்பாதான்னு டிரைவரு சொல்லியிருந்தான். அதுவாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். கூப்பிடு தூரந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் எம்பட பிட்டு, இந்தப் பக்கம் அவன் வெங்காயம். அது இங்க வரோணும், இது அங்க போகோணும். ஒரு பாலம் நடுவுல.

ஹாரூனா லாரிக்கடியில பாயைப் போட்டு உக்காந்திருந்தான். என்னையப் பாத்தொடனே எந்திரிச்சு ஓடியாந்தான். யாயா வந்துட்டியா, யாயா வந்துட்டியான்னு. நான் என்னமோ பாலத்தைத் தொறக்க வந்த மாதிரி.

ஆத்துல பரிசலாட்டம் நீள நீளமா படகுக போயிக்கிட்டு இருந்துச்சு. ஆளுகளை ஏத்திக்கிட்டு, கோழி, துணி, சாமானெல்லாம் ஏத்திக்கிட்டுத் திருட்டுத்தனமாப் போகுது. சில யாவாரிக வெங்காயத்தையும் பிரிச்சுப் படகுல ஏத்துனாங்க. படகுக்காரன் கேக்கற கூலி அநியாயம், அந்தக் கரையில வாங்கறவன் சொல்ற வெலை அதைவிட அநியாயம். ஹாரூனா எங்கிட்ட வந்தான்.

"யாயா, பாதியாச்சும் படகுல உட்டுறவா? வர்றது வரட்டும்."

"உனக்கென்ன கிறுக்கா? இத்தனை மாசம் காத்திருந்தது இதுக்கா? கெவர்மெண்டுன்னா ரெண்டு நாளைக்கு மொறைச்சுக்கிட்டு நிக்கும். அப்பறம் அவனுக்கும் சாமான் வேணும், இவனுக்கும் சாமான் வேணும். தொறந்துதான் ஆகோணும். பொறு."

நீங்களே சொல்லுங்க, அந்த எடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்லியிருப்பாங்க? நான் என்ன சோசியம் பாக்கறவனா?

அவன் பொறுத்தான். எம்பேச்சை மீறமாட்டான்.

தெனம் மழைங்க. அங்க மழைங்கறது கெடைக்காத பொருளு, எல்லாரும் கையேந்தி நிப்பாங்க. அந்த வாரம் மட்டும் அப்படிக் கொட்டுச்சு. தார்ப்பாய் போட்டா உள்ள புழுங்குது, எடுத்தா நனையுது. மொதல்ல வாசந்தான் வந்துச்சு. அப்பறம் லாரிப் பலகை இடுக்குல சொட்டுச் சொட்டா ஊதாத் தண்ணி. நிக்கற அத்தனை லாரியிலயும். ரோடு பூரா வழுக்குது. ஆடுக வந்து நக்கிப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போகுது. ஹாரூனா மூட்டையப் பிரிச்சு நல்லதைத் தனியா, கெட்டதைத் தனியாப் பொறுக்குவான். காத்தால பொறுக்கி வெச்ச நல்லது சாயந்தரம் கெட்டுப்போயிருக்கும். திரும்பப் பொறுக்குவான். நானும் கூட உக்காந்து பொறுக்குனேனுங்க. இந்தக் கை ஒரு மாசத்துக்கு நாறுச்சு. அப்படியெல்லாம் கூட இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் லாரிக்காரங்க ரெண்டு பேரும் வந்தாங்க. இதுக்கு மேல எங்களால நிக்க முடியாது, வண்டிய ஒழிச்சுக் குடுங்கன்னுட்டாங்க. ஹாரூனா மேல ஏறி ஒவ்வொரு மூட்டையா அவனே தள்ளுனான். ஆத்தங்கரையில மலையாட்டம் குமிஞ்சுது. பட்டாளத்துப் பையன் ஒருத்தன், சின்னப் பையந்தான், துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து அழுகாத வெங்காயம் நாலு பொறுக்கிக்கிட்டான். ஹாரூனா எறங்கி வந்து அவனுக்கு இன்னும் ரெண்டு தேடி எடுத்துக் குடுத்தான். ஊடு எப்படி, களைப்பு எப்படின்னு வேற விசாரிக்கறான். அந்த மாதிரி சனங்கங்க அவங்க.

திரும்பி வர்றப்ப பிக்கப்ல எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தான். நான் சமாதானம் சொல்லிக்கிட்டு வந்தேன். போரு இருக்குது, மண்ணு இருக்குது, அடுத்த போகம் போடலாம், இதெல்லாம் ஒரு நட்டமா, எங்கூர்ல வெங்காயத்தை டிராக்டர் உட்டு ஓட்டுனவங்களையெல்லாம் பாத்திருக்கறேன்னு. அவன் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தான். கிடான் காராவுல எறங்குனப்ப கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னான்.

"மெர்சி, மெஸ்யே."

நன்றியாம். யாயா இல்லைங்க. மெஸ்யே.

அதுதானுங்க எனக்கு ஆறலை. நான் அவனுக்கு என்ன பண்ணுனேன்? காசு கேட்டனா? கூலி கேட்டனா? கூடப் பொறந்தவனுக்குக்கூட யாரும் அப்படி போரு போட்டுக் குடுக்கமாட்டாங்க. ஒரு சொல்லு மாத்திப் போட்டுட்டான் பாருங்க. அப்பறம் கடைசி வரைக்கும் மெஸ்யேதான். களிக் கிண்ணம் மட்டும் வந்துச்சு. அந்தப் புள்ளை குடுத்துடும். வர வரக் கிண்ணம் சிறுசாச்சு. அரிசி, எண்ணெய் எல்லாம் வெலை ஏறிப்போச்சு, அவங்களும் என்ன பண்ணுவாங்க.

மோட்டாரைத் தூக்கி வித்தான். ஜெனரேட்டரு போச்சு. பட்டறையில இருந்த கம்பந்தட்டையெல்லாம் பட்டினி கெடந்த மாடு புடுங்கித் தின்னுருச்சு. ஐப்பசி வாக்குல கம்பு அறுப்பு முடிஞ்சுது. முன்னெல்லாம் அந்த நேரத்துக்குத்தான் அபிஜானுக்குப் பை கட்டுவான். இப்ப தெக்க பூராவும் அடைச்சுக் கெடக்குது. அபிஜான் எப்படிப் போறது? ஒரு நா காத்தால டேங்கருக்கு ஆளில்லை. கேட்டா, வடக்க போயிட்டான்ங்கறாங்க. பாலைவனம் தாண்டி. அகாடஸ்னு ஒரு ஊர்லிருந்து பிக்கப்ல முப்பது பேரை அடைச்சுக் கூட்டிக்கிட்டுப் போவாங்க, ஓரத்துல குச்சி சொருகி, அதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் காலைத் தொங்கப்போட்டு உக்காந்துக்கோணும். லிபியாவோ அல்ஜீரியாவோ. எங்கிட்டச் சொல்லிக்கவே இல்லைங்க. பதினோரு வருசத்துல எத்தனை பேரு போறதைப் பாத்திருக்கறேன். கடலோரம் போறவங்க மழைக்குத் திரும்பி வருவாங்க. வடக்க போறவங்க அப்படிச் சொல்லிக்க முடியாது.

போனு வரலை. நான் ஹதீஸாகிட்டச் சொன்னேன், பாலைவனத்துல டவர் இருக்காது, அதனால வந்திருக்காதுன்னு. அந்தப் புள்ளை ஆமாம்னு தலையாட்டுச்சு.

எங்க வேலையும் நின்னு போச்சு. வெளிநாட்டு உதவியில போட்டுக்கிட்டு இருந்த போரு, அவங்க உதவிய நிறுத்திட்டாங்க. மொதலாளி எல்லாரும் ஊருக்குப் போங்கன்னுட்டாரு. கெளம்பற அன்னைக்குச் சொல்லிக்கலாம்னு போனேன். ஹதீஸா கம்பு குத்திக்கிட்டு இருந்துச்சு. சைதூதான் பாஷை சொன்னான். நல்லாருங்கன்னேன். உலக்கைய வெச்சுட்டு என்னைய நேரா பாத்துச்சு. அதுவரைக்கும் அந்தப் புள்ளை என்னைய நேருக்கு நேர் பாத்ததே கெடையாது, அவங்க வழக்கம் அப்படி. சைதூகிட்ட என்னமோ சொல்லுச்சு. சைதூ தயங்குனான்.

"என்னடா சொல்றா?"

"போறதுக்கு முன்ன அதை மூடிட்டுப் போகச் சொல்றா மெஸ்யே."

"எதை?"

"தண்ணியை."

எனக்குப் புரியலைங்க. பைத்தியம் புடிச்சிருச்சான்னு பாத்தேன். மூடி போட்டுத்தாம்மா வெச்சிருக்கறேன், கேசிங் பைப்பு இடுப்பு உசரத்துக்கு நிக்குது, கொழந்தைக உழுகாதுன்னேன். அது இல்லையாம். மறுபடி அது என்னமோ நெறையப் பேசுச்சு. சைதூ அதுல பாதியத்தான் எனக்குச் சொன்னான்னு நெனைக்கறேன். "தண்ணி இல்லாதப்ப அவரு போவாரு, வருவாரு. தண்ணி வந்ததுக்கப்பறந்தான் வராம போனாருன்னு சொல்றா."

கேளுங்க, இப்படியும் ஒரு நாயமா? எல்லையச் சாத்துனவன் எவனோ. ஆட்சியப் புடிச்சவன் எவனோ. தண்ணி என்னங்க பண்ணும்? நான் சொன்னேன், எம்பட கையால தண்ணி வர்ற போரை மூடமாட்டேன், அது பாவம். எங்கூர்ல தண்ணிக்கு நாங்க படற பாடு உனக்குத் தெரியாதுன்னு. சைதூ அதை அவளுக்குச் சொன்னானோ இல்லையோ. அவ உலக்கைய எடுத்துக்கிட்டா.

ஊருக்கு வந்துட்டேன். ஊட்டுல இருக்க முடியலைங்க, பழக்கமில்லை பாருங்க. சைதூ மட்டும் எப்பவாச்சும் வாட்ஸப்புல பேசுவான். அண்ணனைப் பத்திக் கேப்பேன். ஒண்ணும் இல்லைம்பான். ஒருத்தன் அல்ஜீரியா எல்லையில பாத்ததாச் சொன்னானாம், இன்னொருத்தன் அது வேற ஹாரூனான்னானாம். அங்க எத்தனையோ ஹாரூனா.

போன மழை முடிஞ்சு சைதூ கேட்டான், மெஸ்யே, அகாடஸ் போலாம்னு இருக்கறேன், என்ன சொல்றீங்கன்னு. அண்ணனத் தேடிப் போறானா, பொழைக்கப் போறானா தெரியலை. கூடவே கூடாதுன்னேன். போரு இருக்குதில்ல? கடனை உடனை வாங்கி ஒரு சின்ன மோட்டாரு வெச்சு வெங்காயம் போடுடா. போன வருசம் எல்லாரும் நட்டப்பட்டுட்டாங்க, இந்த வருசம் எவனும் போடமாட்டான். போடறவன் கொள்ளையடிப்பான். ஆனா அறுத்தொடனே வித்துறாத, கொஞ்சம் பட்டறையில வெச்சுன்னு, எல்லாம் வெளக்கமாச் சொல்லிக் குடுத்தேன். அவனுக்கு அரை மனசு. நாத்து உடறேன்னு சொன்னான். நான் சந்தோசமாத் தூங்குனேன் அன்னைக்கு.

நாலு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ். சைதூதான். நம்ம பேசறப்ப பக்கத்துல இருந்த அண்ணி என்ன வெவரம்னு கேட்டா, நானும் சொல்லிட்டேன்னான். விடியக்காத்தால ஊருப் பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டுப் பள்ளத்துக்குப் போயிருக்கறா. அவ ஒருத்தியில்லைங்க, வெங்காயம் வெச்சிருந்து கெட்டுப்போன அத்தனை ஊட்டுப் பொம்பளைகளும். புருசன் வடக்க போன பொம்பளைக. தலையில சும்மாடு வெச்சுக் கூடையில கல்லு. கேசிங் மூடியக் கழட்டிட்டு ஒவ்வொரு கல்லாப் போட்டிருக்காங்க. போட்டுட்டுக் காதை வெச்சுக் கேட்டாங்களாம். தண்ணிச் சத்தம் கேக்கறது நிக்கற வரைக்கும் போட்டாங்களாம். அப்பறம் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிக் கம்பு குத்துனாங்களாம். யாரும் அழுகலை, சத்தம் போடலைன்னான். அந்த வாரத்துக்குள்ள சைதூவும் கெளம்பிட்டான். அதுக்கப்பறம் அவன் நம்பரும் போகலை.

இருநூத்திப் பத்தடியில தண்ணிங்க. கை தண்டிக்குப் பீச்சி அடிச்ச தண்ணி.

ஆனா அது ஒண்ணும் போகலைங்க. நீங்க நெனைக்கற மாதிரி போரு செத்துப் போகலை. தொழில்காரன் நான் சொல்றேன் கேளுங்க. கம்ப்ரசர் உட்டு அடிச்சம்னா சின்னக் கல்லெல்லாம் மேல வந்துரும். பெருசை பிட்டு உட்டு நொறுக்கிப்போடலாம். வண்டி இருந்தா ஒரு பகல் வேலை. இப்ப நான் போற சாடுக்கும் அந்த ஊருக்கும் நடுவுல ஒரே ஒரு எல்லைதான். காசு கூட வேண்டாம். ஹதீஸா நம்பருக்கு ஹவுசா தெரிஞ்ச ஆளை வெச்சு எழுதி அனுப்பியிருக்கறேன், வந்து சுத்தம் பண்ணித் தர்றேன்னு. பாத்துட்டாங்கறதுக்கு ரெண்டு நீலக்கோடு உழுந்துருச்சு.

வான்னு ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்களா? சொல்ல மாட்டேங்கறா.